சாமுண்டீஸ்வரி தேடிய டாக்டர்

1974ஆம் வருடம் மாசி மாதத்தில், மரக்காணம் உப்பளத்தில் அந்தப் பருவத்தின் முதல் உப்பை வாரிக்கொண்டிருந்தபோதுதான் சாமுண்டீஸ்வரியின் கழுத்தில் இருந்த கட்டி மற்றவர்கள் கண்ணில் பட்டது. உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்ட பொன்னம்மாள், அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, முந்தானையை விலக்கிப் பார்த்தாள். காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

சாமுண்டீஸ்வரிக்கு அது புதிய செய்தி இல்லை. கார்த்திகை மாதத்திலேயே அது கொண்டைக்கடலை அளவில் கையில் தட்டுப்பட்டிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுப் பார்த்தாள். வலி இல்லாததால் விட்டுவிட்டாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பதினான்கு வயதில் உப்பளத்தில் இறங்கியவள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறுவதும், கோடை வெயிலில் வெள்ளைப் பாத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிவதும் பழகிப்போனவளுக்கு, வலிக்காத ஒரு கட்டியை நோய் என்று நினைக்கத் தோன்றவில்லை.

அவள் கணவன் சிங்காரம் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தான். ஷிப்டு மாறி மாறி வருவதால் பெரிய முதலியார்சாவடியில் மில் ஆட்கள் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, வார விடுமுறைக்கு மட்டும் மரக்காணம் வருவான். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு.

உப்பளத்தில் சாமுண்டீஸ்வரிக்கு ஒரு பேர் இருந்தது. யார் என்ன சொன்னாலும் நேரில் பார்த்தாயா என்று கேட்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வேலை செய்த பாத்திகளின் உப்பில் மண் அதிகம் என்று பரிசோதனை முடிவு வந்தது. அம்பாரத்தை விற்கக் கூடாது என்று உத்தரவாகி, வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாரும் பயந்துபோய் இருந்தார்கள். சாமுண்டீஸ்வரி மட்டும் மேஸ்திரியிடம் போய், மாதிரி எடுக்க வந்த ஆள் பாட்டிலில் அள்ளியது தங்கள் அம்பாரத்தில் இல்லை, பக்கத்து அம்பாரத்தில் என்று சொன்னாள். தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். மறுபடி மாதிரி எடுத்தார்கள். உப்பு நல்ல உப்பு என்று காகிதம் வந்தது. அதற்குப் பிறகு மேஸ்திரி அவளிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.

கட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட சிங்காரம், கூடத் தங்கியிருந்த ஒருவர் சொன்ன திண்டிவனத்து டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த டாக்டர் தனியாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்தார். கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த லேபில் அதைச் சிங்காரமே கொண்டுபோய்க் கொடுத்தான். பத்து நாள் கழித்துத் தட்டச்சு அடித்த காகிதம் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கேன்சர் என்று போட்டிருக்கிறது, மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போ, தாமதிக்காதே என்றார்.

அன்று வியாழக்கிழமை. வார விடுமுறை இல்லாத நாளில் கணவன் உப்பளத்து வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததுமே சாமுண்டீஸ்வரிக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். சிங்காரம் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான், மடித்தான், மறுபடி பையில் வைத்தான். பிறகு டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான்.

அவள் அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தத் துண்டைப் பாத்தது யாரு மாமா?"

"லேப்புல பாத்தாங்க."

"லேப்புல யாரு? நீ ஆளைப் பாத்தியா?"

பாட்டிலை வாங்கிக்கொண்டவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்பது மட்டும்தான் சிங்காரத்துக்கு நினைவில் இருந்தது. உப்பைப் பரிசோதிப்பதற்கே பேரும் பதவியும் உள்ள ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, என் உயிரைப் பற்றி எழுதியவர் யாரென்று தெரியாமல் நான் மெட்ராசுக்கு வர மாட்டேன் என்று அவள் சொன்னாள். சிங்காரம் முதலில் கெஞ்சினான், பிறகு கோபித்துக்கொண்டான். பயத்தில்தான் அவள் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்தான். பயம் இருந்தது. நான்கு நாள் கழித்துச் சின்னவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது, மேலும் எத்தனை நாள் இப்படிப் பின்னிவிடுவோம் என்ற எண்ணம் வந்து, பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே நர்சாக இருந்த சகாயமேரி கடலூர்க்காரி. மரக்காணத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவள். சாமுண்டீஸ்வரியின் இரண்டாவது பிரசவத்தைப் பார்த்ததும் அவள்தான். காகிதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவள், கட்டியை அறுக்கிற டாக்டர் வேறு, அறுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற டாக்டர் வேறு என்று விளக்கினாள். டாக்டர் படிப்பு முடித்த பிறகு அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்குப் பேத்தாலஜி என்று பெயர்.

"இதுல கையெழுத்தே இல்ல சாமுண்டி. ரப்பர் ஸ்டாம்புதான் இருக்குது," என்றாள்.

ஸ்டாம்பில் ஒரு டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. வைத்தியம் பார்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு டாக்டருக்கும் மெட்ராசில் மெடிக்கல் கவுன்சில் ஓர் எண் கொடுத்திருக்கும் என்றும், அந்த எண்கள் அச்சடித்த புத்தகம் ஒன்று பெரிய டாக்டரின் அலமாரியில் இருக்கிறது என்றும் சகாயமேரி சொன்னாள். பெரிய டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் கேட்டு வாங்கி, இரண்டு பெண்களும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரிக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சகாயமேரி பக்கம் புரட்ட, சாமுண்டீஸ்வரிதான் அந்த எண்ணைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

எண்ணுக்கு நேரே அந்தப் பெயர் இருந்தது. ஆனால் பட்டம் எம்.பி.பி.எஸ். மட்டும். பேத்தாலஜிப் படிப்பு எதுவும் இல்லை. முகவரி மலேயாவில் இருந்தது. புத்தகம் அச்சாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்படியானால் மூன்று வருடமாகவே அந்த டாக்டர் ஊரில் இல்லை.

சாமுண்டீஸ்வரியின் முகம் மலர்வதைப் பார்த்த சகாயமேரி உடனே அவளை நிறுத்தினாள். ஸ்டாம்பு தப்பு என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, பார்த்தவர் யாராக இருந்தாலும் பார்த்தது சரியாகவே இருக்கலாம் என்றாள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, படித்த ஒரு டாக்டர் மறுபடி பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் சாமுண்டீஸ்வரி தனியாகத்தான் போனாள். துண்டு வெட்டிய புண்ணுக்குக் கழுத்தில் இன்னும் கட்டுப் போட்டிருந்ததால் மாடிப்படியை மெதுவாக ஏறினாள். அறைக்குள் இருந்தவர் பெயர் தட்சணாமூர்த்தி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. மேஜை மேல் ஒரு மைக்ராஸ்கோப்பும், சுவரோரம் துணி போர்த்திய ஓர் இரும்புக் கருவியும் இருந்தன. அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும், டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்.

எப்போது வருவார் என்று கேட்டாள். தெரியாது என்றார். சரி, வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் பகல் இரண்டு மணிக்கும் அங்கேயே இருந்தாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். தட்சணாமூர்த்தி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பிறகு அவளைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். கீழே போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

"சார், நான் சண்டை போட வர்ல. அந்தத் துண்டைப் பாத்தவரைப் பாக்கணும், அவ்ளோதான். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

அவர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா பார்த்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. பதினாறு வருடம் ராணுவ ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவர். துண்டை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது அவர் வேலை. அதைப் பார்த்து நோயைச் சொல்வது டாக்டரின் வேலை. ஓய்வு பெற்று வந்ததும், சீவும் கருவியை ஏலத்தில் எடுத்து, ஒரு டாக்டரோடு சேர்ந்து இந்த லேபைத் தொடங்கினார். டாக்டர் ஆறு மாதத்தில் மலேயாவுக்குப் போய்விட்டார். போகும்போது, ரத்தம், சிறுநீர் எல்லாம் நீங்களே பாருங்கள், என் பெயர்ப் பலகை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கிருந்தோ, வெட்டிய துண்டு போட்ட ஒரு பாட்டில் வந்தது. பதினாறு வருடமாக டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில், புத்தகத்தையும் வைத்துக்கொண்டு அவரே எழுதினார். அது சரியாக இருந்தது என்று தகவல் வந்தது. அடுத்த பாட்டில் வந்தபோது மறுக்கத் தோன்றவில்லை.

"உங்களதுல எனக்குச் சந்தேகம் இருந்தது. எழுதாம திருப்பி அனுப்பியிருக்கணும்," என்றார் கடைசியாக.

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த மனிதர் அலமாரியைத் திறந்து, அவள் பெயர் ஒட்டிய மெழுகுத் துண்டைத் தேடி எடுத்து, கண்ணாடித் துண்டுகளோடு பஞ்சில் பொதிந்து பெரிய தீப்பெட்டியில் வைத்து, அது திறந்துவிடாமல் நூலால் இரண்டு முறை சுற்றிக் கட்டுவதைப் பார்த்தபோது அந்தக் கோபம் வரவில்லை. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இனி யாரிடம் காட்டுவது என்பதுதான் கேள்வி. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் பேத்தாலஜிப் பிரிவு இருக்கிறது என்று சகாயமேரிக்குத் தெரியும். வெளியாள் ஒருவர் மெழுகுத் துண்டோடு நேராகப் போனால் வாங்குவார்களா என்பது தெரியாது. சிங்காரத்துக்கு மில்லில் இ.எஸ்.ஐ. இருக்கிறதே, அந்த டிஸ்பென்சரி டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுக்க மாட்டார்களே என்று அவள் கேட்டாள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்து நடத்துகிற அந்தக் காப்பீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு.

அந்த வார விடுமுறையில் சாமுண்டீஸ்வரி இதைக் கேட்டபோது சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டான். வேலையில் சேரும்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்ப விவரப் படிவத்தில் தாயார் குப்பம்மாள் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தான். குப்பம்மாள் இறந்து எட்டு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆனதையோ பிள்ளைகள் பிறந்ததையோ அவன் எழுதிக் கொடுக்கவே இல்லை. யாருக்கும் காய்ச்சலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை. ஒரு நாள் விடுப்புப் போட்டுப் படிவம் எழுத வேண்டுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டான். திண்டிவனத்துக்கு அழைத்துப் போனதற்கும் அதுதான் காரணம்.

"அப்ப ஒன் பேப்பர்ல நான் இல்லவே இல்லையா மாமா? பன்னெண்டு வருசமா?"

சிங்காரம் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு, இப்பவே போவோம் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இருக்காது என்று அவள்தான் அவனை உட்கார வைத்தாள்.

திங்கட்கிழமை இருவரும், ஆட்களின் வருகைக் கணக்கைப் பார்க்கும் மில்லின் டைம் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே குமாஸ்தாவாக இருந்த சுப்ராயன், கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. ரேஷன் கார்டில் மனைவி என்று இருந்தது, ஆனால் வயது தப்பாக இருந்தது. சுப்ராயன் விதியை மீறாத மனிதர். இதை வைத்துக்கொண்டு நான் அனுப்பினால் திரும்பி வந்துவிடும், ஒரு மாதம் வீணாகும் என்றார். கிராம முனிசீப்பிடம் சான்று வாங்கி வரச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே சாமுண்டீஸ்வரியின் கழுத்துக் கட்டில் ரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு, வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கூட வேலை செய்யும் இருவர் சாட்சி சொல்லி, மேனேஜர் உறுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஓர் இடத்தில் இருந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஆட்களில் கல்யாணத்துக்கு வந்திருந்த இரண்டு பேரைச் சிங்காரம் ஓடிப் போய்ப் பிடித்தான். சுப்ராயன் படிவத்தைத் தானே எழுதி, மேனேஜர் அறைக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். பிறகு சைக்கிளில் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் போய், மாலைக்குள் கார்டில் பெயர் ஏறும்படி செய்தார். 'மனைவி' என்ற இடத்தில் எழுதியிருந்தது தன் பெயர்தானா என்று சாமுண்டீஸ்வரி அவரைப் படித்துக் காட்டச் சொன்னாள். கீழே இரண்டு பெண்களின் பெயர்களையும் சேர்த்துப் படித்தார்.

டிஸ்பென்சரி டாக்டர் திண்டிவனத்துக் காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். தகுதி உள்ளவர் கையெழுத்து இல்லாத காகிதத்தை வைத்து இந்தக் காப்பீட்டில் எந்த வைத்தியமும் தொடங்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிப் பேத்தாலஜி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் மெழுகுத் துண்டு பற்றியும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பேத்தாலஜிப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. நோயாளிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மூக்கை எரிக்கும் மருந்து வாடை அடித்தது. ஜன்னலில் இருந்த ஆள், கடிதத்தையும் துண்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள், முடிவு டிஸ்பென்சரிக்கே வரும் என்றார். சாமுண்டீஸ்வரி தீப்பெட்டியைக் கொடுக்கவில்லை. பார்க்கப் போகிறவர் கையில்தான் கொடுப்பேன் என்றாள். சிங்காரம் சங்கடத்தில் நெளிந்தான். பேச்சுச் சத்தம் கேட்டு, கண்ணாடி போட்ட ஒல்லியான ஓர் அம்மாள் வெளியே வந்தார். விரல் நுனிகளில் ஊதாச் சாயம் ஏறியிருந்தது. அவர்தான் டாக்டர் கமலாம்பாள்.

சாமுண்டீஸ்வரி நடந்ததை எல்லாம் சொன்னாள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டாக்டரம்மா. நீங்களேதான் பாப்பீங்களா? உங்க நம்பரு இன்னான்னு சொல்லுவீங்களா?"

ஜன்னலில் இருந்த ஆள் திகைத்துப்போனார். கமலாம்பாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு துண்டுக் காகிதத்தில் தன் பெயர், பட்டங்கள், எங்கே படித்தது, பதிவு எண் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக் கொடுத்தார். கேட்டது நல்லதுதான் என்று மட்டும் சொன்னார். பிறகு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். பழைய கண்ணாடித் துண்டுகளில் சாயம் அதிகமாக இருக்கிறது, மெழுகிலிருந்து புதிதாகச் சீவிப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை வாருங்கள், நானே சொல்கிறேன் என்றார்.

அந்தப் பதிவு எண்ணைச் சகாயமேரி புத்தகத்தில் பார்த்தாள். பெயரும் இருந்தது, பேத்தாலஜிப் பட்டமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் சாமுண்டீஸ்வரி உப்பளத்துக்குப் போகவில்லை. இரண்டு பெண்களின் பாவாடைகளையும் தைத்து வைத்தாள். கிழிசல் இல்லாததைக்கூட ஓரம் அடித்தாள். சிங்காரம் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். சமையலைத் தான் செய்வதாகச் சொல்லி, இரண்டு நாள் சோற்றைக் குழைத்தான். யாரும் குறை சொல்லவில்லை.

கமலாம்பாள் அவர்களை உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "கேன்சர் இல்லைம்மா. டி.பி. கிருமி கழுத்துக் கழலையில் தங்கியிருக்கு. மருந்து இருக்கு. ஒண்ணரை வருஷம் விடாமச் சாப்பிட்டா குணமாயிடும்."

சிங்காரம் கும்பிட்டான். சாமுண்டீஸ்வரிக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. அவளுடைய அண்ணன் டி.பி.யில் இருமி இருமிச் செத்ததைப் பார்த்தவள் அவள். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்போம், நெஞ்சில் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவாது என்று டாக்டர் விளக்கினார். படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் விற்ற கொய்யாப்பழத்தை வாங்கி, நடந்துகொண்டே தின்றாள்.

ஆனால் அன்று கிளம்பும் முன் கமலாம்பாள் ஒன்று கேட்டிருந்தார். அந்தத் திண்டிவனத்துக்காரர் இதுவரை எத்தனை பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்?

அது சாமுண்டீஸ்வரிக்கு அதுவரை தோன்றாத கேள்வி. அது அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் மறுபடி திண்டிவனம் போனாள். அவள் உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டதும் தட்சணாமூர்த்தி அவள் உட்கார முக்காலியை இழுத்துப் போட்டார். டாக்டரம்மா கேட்டதை அவள் சொன்னாள். அவர் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்து, பத்தொன்பது என்றார்.

"அவ்ளோத்தையும் அந்த டாக்டரம்மா கையில குடுத்துடுங்க சார். நீங்களா எடுத்துக்கினு போனாத்தான் நல்லது."

ஒரு பிஸ்கட் டின்னில் மீதிப் பதினெட்டு மெழுகுத் துண்டுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் புதுச்சேரிக்குப் போனார். கமலாம்பாள் மூன்று வாரம் எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினாறு சரியாக இருந்தன. படிக்காமலே இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாரே என்று அவரே, அங்கே போயிருந்த சகாயமேரியிடம் சொன்னாராம். சாமுண்டீஸ்வரியுடையதைச் சேர்த்து மூன்று தப்பு. ஒருவர் வயதானவர், வேறு நோயில் ஏற்கெனவே இறந்துவிட்டார். இன்னொருவர் கூனிமேட்டில் இருந்த மைமூன் பீ. மார்பில் இருந்த கட்டி வெறும் கொழுப்புக் கட்டி என்று எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது கேன்சர்.

சொல்ல வேண்டியது தான்தான் என்று தட்சணாமூர்த்தி சொன்னார். ஆனால் தனியாகப் போகத் தைரியம் இல்லை. சாமுண்டீஸ்வரி அவரோடு கூனிமேட்டுக்குப் போனாள்.

மைமூன் பீ தையல் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் கருவாட்டு வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தார். தட்சணாமூர்த்தி வாசலில் நின்றபடி, தான் யார் என்றும், தான் பார்த்தது தப்பு என்றும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். மைமூன் பீ முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, அல்லாவுக்குப் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சாமுண்டீஸ்வரி தனியாகப் போனாள். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாளும் போனாள். ஜன்னலோரம் நின்றுகொண்டு, தன் கழுத்தில் இருந்த தழும்பைப் பற்றியும், கேன்சர் என்று கேட்ட அன்று என்ன செய்தாள் என்பதையும், டாக்டரம்மாவைப் பற்றியும் தன் போக்கில் பேசினாள். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"இன்னிக்குப் போனா அந்த டாக்டரம்மா இருப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டு மைமூன் பீ துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

அவருக்கு இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. பொது வார்டில் சேர்த்து, பிறகு மெட்ராசுக்கு அனுப்பி, ஆடி மாதத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை என்றும் சொன்னார்கள்.

தட்சணாமூர்த்தியின் லேபில் இருந்த டாக்டர் பெயர்ப் பலகை இறங்கியது. இல்லாத டாக்டரின் பெயரைப் பயன்படுத்தியது பற்றிக் கமலாம்பாள் கவுன்சிலுக்கு எழுதினார். எழுதப் போவதைத் தட்சணாமூர்த்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எழுதினார். சாமுண்டீஸ்வரிக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் இருந்தது. ஆனால் எழுத வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு வருடம் லேப் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு தட்சணாமூர்த்தி வேறு ஒரு டாக்டரின் கீழ் டெக்னீஷியனாக, ரத்தமும் சிறுநீரும் மட்டும் பார்க்கும் வேலையில் சேர்ந்தார்.

சாமுண்டீஸ்வரியின் ஒன்றரை வருடம் சுலபமாகப் போகவில்லை. முதல் மூன்று மாதம் தினமும் சகாயமேரியிடம் ஊசி போட்டுக்கொண்டாள்; ஊசி போட்ட இடுப்பு, உட்கார முடியாதபடி வலித்தது. தலை சுற்றியது. மாத்திரை தின்றால் சோறு இறங்கவில்லை. டி.பி. என்ற பேச்சு பரவியதும் உப்பளத்துப் பெண்கள் அவள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பொன்னம்மாள்கூடத் தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். யாரையும் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றிருந்தாள். மருந்து மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. சிங்காரம் மில்லுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியில் மாதாமாதம் மாத்திரையை வாங்கி வந்தான். அந்த நாட்களில் அவன் வார விடுமுறையைத் தவறவிட்டதே இல்லை.

1976ஆம் வருடம் தை மாதத்தில் அவள் மறுபடி உப்பளத்தில் இறங்கினாள். மேஸ்திரி அவளைச் சுமை தூக்க விடவில்லை. பாத்தியில் உப்பு இழுத்துக் கூட்டும் வேலையில் போட்டார்.

மைமூன் பீ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். இரண்டு பேரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டிக்கொள்ளப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. மரக்காணத்தில் சாமுண்டீஸ்வரி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். கூனிமேட்டில் மைமூன் பீ ஏறிக்கொள்வார். அவளுடைய ரவிக்கைகளை அதற்குப் பிறகு அவர்தான் தைத்துக் கொடுத்தார், கழுத்தைக் கொஞ்சம் ஏற்றி, தழும்பு தெரியாதபடி. பஸ்ஸில் இருவரும் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றியே பேசுவார்கள். புதுச்சேரிக்குச் சற்று முன்னால் கோட்டக்குப்பம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.